அடுத்த பிறந்தநாள் யாருக்கு

அரங்கசாமி எழுந்தால் போதும். இருமிக்கொண்டு எழட்டும், திட்டிக்கொண்டு எழட்டும், எப்படியோ எழுந்து அந்தப் பச்சைத் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தால் போதும் என்று தையல்நாயகி நினைத்துக்கொண்டிருந்தாள். அரைமணி நேரமாக இதையே நினைத்து நினைத்து, இன்னும் முகத்தைக்கூடப் பார்த்திராத அந்த மனிதர் மேல் ஒரு பங்காளிப் பகையே வந்துவிட்டது. மணி மூன்று. நான்கு மணிக்கு சர்வே முடிகிறது, அதற்குமேல் மடியிலிருக்கிற டேப் கம்ப்யூட்டர் எந்தப் படிவத்தையும் வாங்காது. ஒரு படிவத்துக்கு இருபது நிமிஷம் ஆகும், காது மந்தமான ஆளாக இருந்தால் நாற்பது. திரைச்சீலைக்கு அப்பால் குறட்டை மெதுவாக ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்று, பிறகு இறங்கியது. நிற்கிற அந்தக் கணத்தில் ஒவ்வொரு தடவையும் எழுந்துவிட்டார் என்று அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள், அது இறங்கியதும் அவளும் இறங்கினாள். மே மாத வெயில் உறையூர்ச் சந்துக்குள் கொட்டிக் கிடந்தது. மின்விசிறி அறையின் சூட்டை எடுத்து அறைக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டு மருமகள் பரிமளா தரையில் முறத்தை வைத்துக்கொண்டு பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவையாக, என்னைக் கேளுங்களேன், எனக்கு இந்த ஏஐ எல்லாம் நல்லாத் தெரியும், மாமாவுக்கு என்ன தெரியும் என்று சொன்னாள். நாயகிக்கும் அவளைக் கேட்கத்தான் ஆசை. ஆனால் கேட்கக் கூடாது. வீட்டில் பதினெட்டு வயது தாண்டியவர்களில் அடுத்து யாருக்குப் பிறந்தநாள் வருகிறதோ அவரைத்தான் கேட்க வேண்டும், மாற்றக் கூடாது, அது இந்தத் தொழிலின் முதல் சட்டம். இல்லாவிட்டால் கதவைத் திறக்கிறவர்கள் கருத்து மட்டும்தான் நாட்டின் கருத்தாகிவிடும் என்று பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள், அவளும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். பரிமளா ஆதார் அட்டைகளைக் கொண்டுவந்து வரிசையாகப் பரப்பினாள். அவளுக்கு ஆகஸ்ட், அவள் புருஷனுக்கு ஜனவரி, மாமனார் அரங்கசாமிக்கு ஜூன் ஒன்று. மாதங்களை மட்டும் உள்ளிட்டதும் டேப் கண்ணை மூடிக்கொண்டு அரங்கசாமி என்றது. நாயகி அந்த அட்டையை மறுபடி எடுத்துப் பார்த்தாள், ஜூன் ஒன்றேதான்.

ஜூன் ஒன்றுதான் இப்போது அவளுக்கு யமன். இந்த ஊரில், இந்த மாநிலத்தில், ஐம்பது வயது தாண்டியவர்களில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள். அதாவது எந்த மழையிலோ பனியிலோ பிறந்துவிட்டு, ஐந்து வயதில் பள்ளிக்கூடத்து வாசலில் போய் நின்றபோது, தலைமையாசிரியர் ஜூனில் வகுப்பு திறக்கிறதே, அன்றைக்கு ஐந்து நிறைந்திருக்க வேண்டுமே என்று விரல்விட்டு எண்ணி, ஜூன் ஒன்று என்றோ ஜூன் ஐந்து என்றோ எழுதிவிட்டார், ஆயிற்று. அது சான்றிதழில் ஏறி, ரேஷன் அட்டையில் ஏறி, ஆதாரில் ஏறி, சாகிற வரைக்கும் கூட வருகிறது. மே மாதம் சர்வே எடுக்கப் போனால் வீட்டுக்கு வீடு அடுத்த பிறந்தநாள் ஜூன் ஒன்றாகத்தான் இருக்கும், இதில் நாயகி செய்ய என்ன இருக்கிறது. முன்பெல்லாம் படிவத்தைப் பார்க்கிறவர்கள் மனிதர்கள்; அவர்களுக்கும் ஜூன் ஒன்றில் பிறந்த அப்பா இருந்தார், சித்தப்பா இருந்தார், சிரித்துவிட்டுத் தாண்டிப் போனார்கள். இந்தத் தடவைதான் சென்னை அலுவலகத்தில் சரிபார்க்கிற வேலையை ஏஐ மெஷினிடம் கொடுத்திருக்கிறார்கள். படிவத்தை முடித்து அனுப்பிய அரை நிமிஷத்தில் பச்சை விழும், அல்லது சிவப்பு. சிவப்பு என்றால் ‘இப்பேட்டி புனையப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்’ என்று ஒரு வரி. அவளுக்கு மூன்று சிவப்பு விழுந்தாயிற்று. மூன்றும் ஜூன் ஒன்று. மூன்றும் அவள் வேர்க்க விறுவிறுக்கப் படியேறி, எதிரே உட்கார்ந்து, வரி வரியாகக் கேட்டு எழுதியவை. நான்காவது விழுந்தால் அவள் உள்நுழைவு எண் முடங்கிவிடும், பிறகு பொய்ப் பேட்டி எழுதியவள் என்ற பெயரோடு ஊரில் எந்த சர்வேக்காரன் வாசலுக்கும் போக முடியாது. சூப்பர்வைசர் கதிரேசனுக்கு மூன்று நிமிஷத்துக்குக் குரல் பதிவு அனுப்பினாள், தலைமையாசிரியர், ஐந்து வயது, ஜூன் மாதம் எல்லாவற்றையும் விளக்கி. அவனுக்கு முப்பது வயது, தங்கமான பையன், அவன் அதை மேலே அனுப்பினான். மேலேயிருந்து ‘உங்கள் விளக்கம் பெறப்பட்டது, நன்றி’ என்று வந்தது, கூடவே இந்தப் பதில் திருப்தியாக இருந்ததா என்று அவளையே மதிப்பிடச் சொல்லி ஐந்து நட்சத்திரம். பிறகு கதிரேசன் போன் பண்ணினான். “நான் உங்களை நம்புறேன்க்கா. நான் நம்பி என்ன பண்றது, சிஸ்டம் நம்பணும்ல.” அவன் மேல் கோபம் வரவில்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாததுதான் பெரிய இம்சையாக இருந்தது.

இத்தனைக்கும் சர்வேயே அந்த மெஷினைப் பற்றித்தான். செயற்கை நுண்ணறிவும் இன்றைய தொழில்நுட்பப் போக்குகளும், பொதுமக்கள் கருத்து. முப்பத்தெட்டு கேள்வி. பொதுமக்களுக்குக் கருத்து இருக்கிறது என்று யார் இவர்களிடம் சொன்னது? பத்தொன்பது வருஷமாக சோப்பு, பற்பசை, கொசுவர்த்தி, தேர்தல் என்று கேட்டுக் கேட்டு நாயகி கண்டது ஒன்றுதான், கேட்கிற வரைக்கும் யாரிடமும் கருத்து கிடையாது, கேட்டதும் விருந்தாளி வந்த வீட்டில் அவசரமாகப் பாய் விரிப்பதுபோல ஒன்றை எடுத்து விரிப்பார்கள். புத்தூரில் ஒரு இளநீர்க் கடைக்காரர், ஏஐன்னா அந்த செத்துப்போனவங்களைப் பேச வைக்கிறதுதானே, நல்ல விஷயம்தான் என்றார்; எந்த அளவுக்கு நம்புகிறீர்கள் என்றால், அதெல்லாம் நம்ப முடியுமா, செத்தவன் எங்கே பேசப் போறான் என்றார். நல்ல விஷயமா, நம்ப முடியாதா, இரண்டில் எதை எழுத? தில்லைநகரில் ஒரு அம்மாள், பிள்ளைகள் எல்லாம் கெட்டுப் போச்சு என்று இருபது நிமிஷம் பொரிந்துவிட்டு, தினமும் எத்தனை மணி நேரம் பயன்படுத்துகிறீர்கள் என்றபோது வெட்கப்பட்டுக்கொண்டே ஆறு என்றாள். ஒரு ஆட்டோக்காரர் வேலை போய்விடுமா என்ற கேள்விக்கு, எனக்கா, எனக்கு எப்பவோ போச்சும்மா, இப்ப ஓட்டுறது என் மச்சான் ஆட்டோ என்றார். அதற்கு டேப்பில் கட்டம் இல்லை. எதற்குமே கட்டம் இல்லை. மிகவும் ஆதரிக்கிறேன், ஓரளவு ஆதரிக்கிறேன், ஓரளவு எதிர்க்கிறேன், மிகவும் எதிர்க்கிறேன், தெரியாது. இந்த ஐந்துக்குள் மனிதர்களை அடைக்க வேண்டும். அவர்களோ பத்துக்கு எட்டுப் பேர், நல்லதும் இருக்கு, கெட்டதும் இருக்கு என்று சொல்லிவிட்டு ஏதோ பெரிய உண்மையைக் கண்டுபிடித்த முகத்தோடு பார்க்கிறார்கள். அந்த வாக்கியத்தைக் கேட்டாலே இப்போதெல்லாம் நாயகிக்குப் பல் கூசுகிறது. எதில்தான் நல்லதும் கெட்டதும் இல்லை, கத்தரிக்காயில் இல்லையா, கல்யாணத்தில் இல்லையா. கேள்விகளும் லேசுப்பட்டவை அல்ல, யாரோ இங்கிலீஷில் எழுதியதை அந்த மெஷினே தமிழாக்கித் தந்ததுபோல இருந்தன, ஒரு கேள்வியின் வாலைப் பிடிக்கும்போது தலை மறந்துவிடும். கேட்கிறவளுக்கே புரியாததைக் கேட்டு, சொல்கிறவனுக்கே புரியாத பதிலை வாங்கி, அது நிஜமா என்று மூன்றாவதாக ஒன்று சந்தேகப்படுகிறது. இந்த அழகில் நூற்றுக்கு இத்தனை பேர் இப்படி நினைக்கிறார்கள் என்று நாளைக்குப் பேப்பரில் வண்ண வண்ணமாக வரைவார்கள்.

குறட்டை நின்றது. நாயகி நிமிர்ந்தாள். இறங்கியது.

தேவசேனாவாக இருந்தால் இந்நேரம் முடித்துவிட்டு வீட்டில் மோர் குடித்துக்கொண்டிருப்பாள். தேவசேனா இதே குழுவில் வேலை பார்க்கிறவள், நாயகியைவிடப் பத்து வயது சின்னவள், வாயும் கையும் துருதுருவென்று இருக்கும். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடையின் உள்பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு சமோசா தீர்வதற்குள் ஒரு குடும்பத்தையே உண்டாக்கிவிடுவாள். பேர் வைப்பாள், வயது வைப்பாள், கருத்து வைப்பாள், கடைப் பையனிடமும் டீ குடிக்க வந்தவரிடமும் டேப்பைக் கொடுத்துக் கொஞ்சம் பேச வைத்துக் குரலும் பதிந்துவிடுவாள். அவளுக்கு ஒரு சிவப்புகூட விழுந்ததில்லை. அவள் உண்டாக்கிய ஆட்களில் ஒருவர் ஜனவரி ஒன்பதில் பிறந்தார், ஒருவர் செப்டம்பர் இருபத்தேழில் பிறந்தார், ஒரே தெருவில் ஒருவர் ஆதரித்தார், ஒருவர் எதிர்த்தார், யாருமே நல்லதும் இருக்கு கெட்டதும் இருக்கு என்று சொல்லவில்லை. மெஷின் அவளுக்குத் தொண்ணூற்றெட்டு மதிப்பெண் போட்டிருக்கிறது, குழுவில் முதலிடம். மூன்றாவது சிவப்பு விழுந்த அன்றைக்கு நாயகி வாய்விட்டு அழாத குறையாகப் பேசியபோது, தேவசேனா நல்ல மனதோடுதான் சொன்னாள்: “தேதியை மட்டும் மாத்துங்கக்கா. ஒண்ணுங்கிறதைப் பதினெட்டுன்னு போட்டா யாருக்கு என்ன நஷ்டம்? கேட்டது நிஜம், சொன்னது நிஜம்.” அன்றைக்கு நாயகிக்குச் சுருக்கென்றது, ச்சீ என்று வந்துவிட்டாள். வந்தபிறகு நான்கு நாளாக அந்தப் பதினெட்டு மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. குளிக்கும்போது பதினெட்டு, பஸ்ஸில் பதினெட்டு. இந்த வீட்டுக்கு வருகிற வழியில் கதவு எண்ணைக்கூடப் பதினெட்டு என்று படித்துத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தாள். மெஷினும் ஒன்றும் பதினெட்டைச் சந்தேகப்படாது. அதே ஜூன்தான், அடுத்த பிறந்தநாளும் அவருக்குத்தான், சட்டம் மீறவில்லை. அந்தப் படிவத்தில் இருக்கப் போகிற ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் எப்படியிருந்தாலும் அது பொய்தானே, அதுவும் ஏற்கெனவே பொய்யான ஒரு தேதியைத் திருத்துகிற பொய். பொய்யான தேதியை உண்மையாக எழுதினால் பொய்க்காரி, பொய்யாக எழுதினால் யோக்கியவதி.

பரிமளா பூண்டை விட்டுவிட்டுப் போனை எடுத்தாள். அவள் அதிலிருக்கும் ஏஐயிடம் எல்லாம் கேட்பாளாம். பையன் பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர், பல்வலிக்குக் கைவைத்தியம், நாத்தனாருக்கு அனுப்ப வேண்டிய பிறந்தநாள் வாழ்த்து. எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறது தெரியுமா, எத்தனை தடவை கேட்டாலும் சலிப்பதே இல்லை, எங்கள் வீட்டுக்காரர் பத்து வருஷத்தில் ஒருநாள் அப்படிப் பேசியதில்லை என்றாள். நாயகிக்குச் சிரிப்பும் வந்தது, பொறாமையும் வந்தது. முப்பத்தெட்டுக் கேள்விக்கும் தெள்ளத்தெளிவாகப் பதில் வைத்திருக்கிற ஒரே ஆள் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறாள், அவளைக் கேட்கக் கூடாது. மாமனாரை எழுப்பிவிட முடியுமா என்று நாயகி இரண்டாவது தடவை கேட்டாள். அய்யய்யோ, பாதித் தூக்கத்தில் எழுப்பினால் சாயங்காலம் வரைக்கும் யாரோடும் பேச மாட்டார், மூன்றரைக்குத் தானாக எழுந்துவிடுவார், கடிகாரம் மாதிரி என்றாள் பரிமளா. மூன்று பத்து. தன் புருஷன் நினைவு வந்தது நாயகிக்கு. ஊரில் உள்ளவன் கருத்தையெல்லாம் கேட்கிறாய், வீட்டில் இருக்கிறவன் கருத்தை ஒருநாள் கேட்டிருக்கிறாயா என்பார், வருஷத்துக்கு இருபது தடவை, ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வதுபோல. கேட்டால் மட்டும் என்ன சொல்லப் போகிறார், நல்லதும் இருக்கு, கெட்டதும் இருக்கு. மடியில் இருந்த டேப்பை அவள் கவிழ்த்து வைத்தாள். அது கேட்டுக்கொண்டிருக்குமோ? பேட்டி நடக்கும்போது நடுவில் எங்கேயாவது ஒரு நிமிஷம் குரலைப் பதியும் என்று சொல்லியிருந்தார்கள், எப்போது என்று சொல்லவில்லை. அந்த பயத்தில் இப்போதெல்லாம் அவள் கேள்விகளை ஏற்ற இறக்கம் இல்லாமல், ஒரே சீராக, ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்புபோலப் படிக்கிறாள். போன வாரம் ஒரு பெண் கேட்டேவிட்டாள், ஏங்க மெஷின் மாதிரி பேசுறீங்க என்று. மனுஷி மாதிரிப் பேசினால் சந்தேகம் வருகிறது, மெஷின் மாதிரிப் பேசினால் மனுஷர்களுக்குப் பிடிக்கவில்லை. தன்னுடைய குரலே இப்போது தனக்குச் சொந்தமா என்று தெரியவில்லை. தொண்டையைச் செருமிப் பார்த்தாள். பரிமளா தண்ணீர் வேண்டுமா என்றாள்.

நாயகிக்குமே சான்றிதழில் பிறந்தநாள் ஜூன் ஐந்து. அம்மா சொன்ன கணக்கில் அவள் பிறந்தது மார்கழிக் குளிரில், கோயிலில் ஒலிபெருக்கி போட்ட நேரத்தில். குளித்தலையில் அந்தப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார் தலைமையாசிரியர், தொட்டால் ஐந்து வயது. விரல் எட்டவில்லை. தலையைச் சாய்த்து, தோளைத் தூக்கி, எம்பி எம்பிப் பார்த்தாள்; பின்னால் நின்ற அப்பா யாருக்கும் தெரியாமல் அவள் முழங்கையைப் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளினார், விரல் காதில் பட்டது. தலைமையாசிரியருக்குத் தெரிந்துதான் இருந்தது. சிரித்துக்கொண்டே எழுதினார். அந்தச் சிரிப்புக்கு இந்த டேப்பில் ஒரு கட்டம் இருந்தால் தேவலை. அவர் சேர்த்துக்கொள்ளாமல் திருப்பி அனுப்பியிருந்தால் ஒரு வருஷம் போயிருக்கும், அவ்வளவுதான், ஆனால் அப்பா அன்றைக்குக் கூலிக்குப் போகாமல் வந்திருந்தார், அதைப் பார்த்துத்தான் அவர் எழுதியிருப்பார் என்று நாயகி பிற்பாடு நினைத்துக்கொள்வாள். அப்படி ஊர் ஊராக யாரோ ஒருவர் யாருக்கோ இரக்கப்பட்டு எழுதிய தேதிகள், லட்சக்கணக்கில், எல்லாம் சேர்ந்து இன்றைக்கு அவள் கழுத்தைப் பிடிக்கின்றன. யோசித்துப் பார்த்தால் அந்த மெஷின் சொல்வதும் தப்பில்லை, இத்தனை பேர் ஒரே நாளில் பிறந்திருக்க முடியாது, அது நிஜமாகவே பொய்தான். ஆனால் பொய் சொன்னது அவள் இல்லையே. இதை எப்படி அதற்குச் சொல்வது, எந்தக் காதில் சொல்வது. மூன்று இருபத்தெட்டு. திரைச்சீலைக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

கடிகாரம் மாதிரிதான். அரங்கசாமி முகம் கழுவி, விபூதி பூசி, துண்டால் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அறுபத்தெட்டு வயது, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், மொட்டை போட்ட தலையில் இப்போதுதான் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. சர்வே என்றதும் மற்றவர்கள்போல அலுத்துக்கொள்ளவில்லை. கேளுங்கம்மா என்று கையைக் கட்டிக்கொண்டு பரீட்சைக்கு உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார். நாயகி கேட்க ஆரம்பித்தாள், அந்த ஸ்டேஷன் குரலில். அவரோ ஒவ்வொரு கேள்விக்கும் கண்ணை மூடி யோசித்தார், ஐந்து விடையையும் மறுபடி படிக்கச் சொன்னார், ஒன்றைத் தேர்ந்தெடுத்தார், அதற்குக் காரணமும் சொன்னார். இந்த சர்வே முழுக்க இப்படி ஒரு ஆளை அவள் பார்க்கவில்லை. நேரம் ஓடுகிறதே என்ற தவிப்பையும் மீறி அவளுக்கு ஒரு சந்தோஷம் வந்தது. கேட்கிற வேலைக்கு வந்த புதிதில், ஒரு மனுஷர் யோசிப்பதைக் கண்ணெதிரே பார்ப்பதில் ஒரு மயக்கம் இருந்தது, அதனால்தான் இத்தனை வருஷம் வெயிலில் அலைந்தாள், அதை இந்த ஒரு மாதத்தில் சுத்தமாக மறந்துவிட்டிருந்தாள்.

இருபத்து மூன்றாவது கேள்வி, மெஷின் எடுக்கும் முடிவுகளை எந்த அளவுக்கு நம்புகிறீர்கள் என்பது. மிகவும் நம்புகிறேன், போடுங்கள் என்றார் தயக்கமே இல்லாமல். அடுப்படிக்குப் போயிருந்த பரிமளா அங்கிருந்து சிரித்தாள். போன மாசம் போனில் முகத்தைக் காட்டினால் போதும், பென்ஷனுக்கு உயிரோடு இருக்கிற சான்று கிடைக்கும் என்று மகன் செய்து கொடுத்தானாம். சமயபுரத்தில் மொட்டை போட்டு, மீசையையும் எடுத்துவிட்டு வந்த நேரம், ஏழு தடவை காட்டியும் முகம் ஒத்துப்போகவில்லை என்றே சொன்னதாம். மாமா ரெண்டு நாள் சரியா சாப்பிடலை என்றாள் பரிமளா. நாயகி கேட்கக் கூடாதுதான், கேள்விக்கு வெளியே ஒரு வார்த்தை பேசக் கூடாது, ஆனாலும் கேட்டுவிட்டாள், அப்புறமும் நம்புகிறீர்களா ஐயா என்று.

“ஏம்மா, அது மேல என்ன தப்பு? மீசையை எடுத்தது நான். மனுஷனா இருந்தா வேண்டியவன் வேண்டாதவன்னு பாப்பான். அதுக்கு என் மேல என்ன கோவம் இருக்கு, சொல்லுங்க? அது ஒண்ணு சொன்னா காரணம் இல்லாம சொல்லாது.”

உங்களை நீங்கள் இல்லை என்றே சொன்னது ஐயா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினாள். மிகவும் நம்புகிறேன் என்ற கட்டத்தைத் தொட்டாள். இருபத்து நான்கு, இருபத்தைந்து, முப்பது, முப்பத்தைந்து. மூன்று ஐம்பத்தாறுக்கு முப்பத்தெட்டும் முடிந்தது. கடைசித் திரையில், பதிலளிப்பவரின் பிறந்த தேதியை அவரிடமே கேட்டு உள்ளிடவும் என்று வந்தது. கேட்டாள். அவர் சிரித்தார். நிஜத்தில் பிறந்தது அடைமழைக் காலத்தில், காவிரி கரை புரண்டு ஓடிய வருஷமாம், பள்ளிக்கூடத்தில் ஜூன் ஒன்று என்று போட்டுவிட்டார்களாம். ஆனால் ரெக்கார்டு எதுவோ அதுதான் சரி, ஜூன் ஒன்றே போடுங்கள் என்றார். மாதத்தில் ஜூனைத் தொட்டாள். தேதிகள் ஒன்றிலிருந்து முப்பது வரைக்கும் கட்டம் கட்டமாக விரிந்தன. விரல் மூன்றாவது வரிசைக்குப் போனது. பதினெட்டு. கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் முடிந்தது. கதிரேசன் சிரிப்பான், தேவசேனா சிரிப்பாள், அடுத்த சர்வேக்குக் கூப்பிடுவார்கள், யாருக்கு என்ன நஷ்டம். அரங்கசாமி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஆர்வமாக எட்டிப் பார்த்தார், மேலே, மேலே முதல் கட்டம்மா என்று விரலால் காட்டியும் கொடுத்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்ததாலா, பத்தொன்பது வருஷப் பழக்கமா, அல்லது நாலு நாளாகச் சேர்ந்திருந்த எரிச்சல் ஒரேயடியாகப் பொங்கி, நான் எதற்காகப் பொய் எழுத வேண்டும், வந்தது வரட்டும் என்று தோன்றியதாலா, அவளுக்கே தெரியாது. ஒன்றைத் தொட்டாள். அனுப்பினாள். சின்ன வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. சிவப்பு விழுந்தது.

இப்பேட்டி புனையப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அதற்குக் கீழே, உங்கள் உள்நுழைவு எண் முடக்கப்பட்டது. அரங்கசாமி அந்த இரண்டு வரியையும் மெதுவாக, உதடு அசையப் படித்தார். புனையப்பட்டது என்றால் என்ன என்று கேட்டார். பொய்யாக எழுதியது என்று நாயகி சொன்னாள். தன் குரலில் இப்போது ஏற்ற இறக்கம் எல்லாம் வந்துவிட்டதை அவளே கேட்டாள். நீங்கள்தானே ஐயா சொன்னீர்கள், எல்லாம் உங்கள் வாயால் சொன்னதுதானே, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள் என்றாள். உலகத்தில் அவளுக்குச் சாட்சி என்று ஒருவர் உண்டென்றால் அது இவர்தான், ஒரு போன் போட்டுக் கதிரேசனிடம் கொடுத்தால் இவர் ஒரு வார்த்தை சொல்வார், என்று அவள் கை தானாகவே போனைத் தேடியது. அரங்கசாமி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். டேப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி டேப்பைப் பார்த்தார். அவர் யோசிக்கிறார் என்று தெரிந்தது, அதே மாதிரி, கண்ணை மூடி, காரணத்தோடு. பரிமளா வந்து கதவோரம் நின்றாள். நாயகியின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கொஞ்சம் காட்டுங்கள் என்று வாங்கி, அதிலிருந்த படத்தையும் அவள் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். மாமா ஆதார் கார்டையெல்லாம் எடுத்துக் காட்டிட்டேனே என்று முணுமுணுத்தாள்.

பிறகு அரங்கசாமி வாயைத் திறந்தார். கோபமாக அல்ல, ரொம்பத் தணிவாக, தன் பெண்ணுக்குச் சொல்வதுபோலச் சொன்னார். “நான் சொன்னதை நீங்க வேற எங்கயாவது மாத்திப் போட்டிருப்பீங்கம்மா. இல்லைன்னா அது அப்படிச் சொல்லாது. பரவாயில்லை, செஞ்சதை ஒத்துக்கிட்டு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துருங்க, மன்னிச்சு விட்டுருவாங்க.”

மணி நான்கு அடித்தது. பதிலளிப்பவர் சொல்லும் கருத்தை மறுத்துப் பேசக் கூடாது, கடைசியில் நன்றி சொல்லிவிட்டு எழ வேண்டும், அதுவும் இந்தத் தொழிலின் சட்டம். “சரிங்கய்யா, ரொம்ப நன்றி” என்றாள் நாயகி. பரிமளா அடையாள அட்டையைத் திருப்பித் தரும் வரைக்கும் அவள் நின்றுகொண்டிருந்தாள்.